மொட்டைக் கடுதாசி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டு வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடையில் தராசுப் பக்கம் நிற்கிற வேலை அவனுக்கு. காய் கொண்டு வருகிற சம்சாரிகளின் மூட்டையை எடை போட்டு, பெயரையும் எடையையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"தாத்தா, ஒரு கடுதாசி எழுதணும். உங்க கையெழுத்து நல்லாருக்கும்லா, நீங்களே எழுதித் தாங்க."

"யாருக்குலே?"

"தராசுக்கு முத்திரை போடுத ஆபீஸ் இருக்குல்லா, அங்க. எங்க கடைத் தராசுல கிலோவுக்கு அம்பது கிராமுக்கு மேல அடிக்காங்க தாத்தா. முப்பது கிலோ மூட்டைன்னா ஒண்ணரைக் கிலோ போயிருது. பாவம், மழையில நனைஞ்சுகிட்டு கொண்டு வாராங்க. எனக்குத் தூக்கம் வரல."

"எழுதிருவோம். கீழே உன் பேருதானே?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பேரா? பேரு போட்டா மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. மொட்டையாப் போடுங்க தாத்தா. பேரு வேண்டாம்."

நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, "இன்னைக்குக் கண்ணாடி சரியில்லைலே, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன். கண்ணாடி மூக்கின் மேலேதான் இருந்தது. அதை அவனும் பார்த்திருப்பான்.

கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஐம்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கடுதாசியை, இதே காரணத்துக்காக, இவன் வயதில் நான் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையை வீட்டில்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

அதற்கு முன் கொஞ்சம் தபால் ஆபீஸ் சங்கதி. முப்பத்தேழு வருஷம் தபால் துறையில் இருந்தவனுக்கு மொட்டைக் கடுதாசி புதிதல்ல. பையைப் பிரித்துக் கொட்டி சார்ட்டிங் செய்யும்போது கை பட்டாலே தெரிந்துவிடும். சிலர் இடது கையால் எழுதுவார்கள். சிலர் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் தமிழை எழுதுவார்கள். இன்லண்ட் லெட்டரின் பின்பக்கம் 'அனுப்புநர்' என்று அச்சடித்த இடத்தில் 'உண்மை விளம்பி', 'பொதுஜனம்' என்று இருக்கும். இன்னும் சில புத்திசாலிகள் ஸ்டாம்பே ஒட்டமாட்டார்கள். ஸ்டாம்பு இல்லாத கடிதத்துக்கு வாங்குகிறவர் இரண்டு மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டும். தன்னைத் திட்டி வந்த கடிதத்தைத் தானே காசு கொடுத்து வாங்கிப் படிக்கும்படி செய்வதில் ஒரு சந்தோஷம்!

எழுதினவர்கள் எல்லோரும் பயந்தது தேதி முத்திரைக்கு. பெயர் போடாவிட்டாலும், எந்த ஊரில் எந்த நாளில் தபாலில் சேர்ந்தது என்பதை அந்தக் கறுப்பு வட்டம் சொல்லிவிடும். அதனால் கரிவலம் ஆட்கள் சங்கரன்கோவில் பெட்டியில் போடுவார்கள், சங்கரன்கோவில் ஆட்கள் ராஜபாளையம் போய்ப் போடுவார்கள். அப்படிப் போட்டும் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்திருக்கிறேன். மாதா மாதம் மணியார்டர் பாரம் எழுதுகிற கை எங்களுக்குத் தெரியாதா? ஆனால் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த அன்றைக்கே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் அது. கடிதம் போட்டவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் தபால்காரன் என்று ஒரு மனிதன் இல்லை.

புனைபெயர் கதை வேறு. எழுத்தாளர் சுஜாதா என்பது ரங்கராஜன் என்ற மனிதர் தன் மனைவி பெயரில் எழுதியது என்று பின்னால் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கத்திலும் ஒரு வாத்தியார் பெண் பெயரில் கதை எழுதிவந்தார். ஒரு முறை பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெயருக்கே மணியார்டர் அனுப்பிவிட்டார்கள். பணம் பெறுகிறவரை அடையாளம் காட்டாமல் கொடுக்க முடியாது. அந்த வாத்தியார் கவுண்டரில் நின்று, "அந்த அம்மா நான்தான்" என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார். அது சிரிப்பு. யாருக்கும் நஷ்டமில்லை.

இனி 1969.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த என்னை, பக்கத்து ஊர் ஒன்றில் வத்தல் கமிஷன் கடையில் அப்பா சேர்த்துவிட்டார். மாதம் அறுபது ரூபாய். மூட்டைக்குச் சீட்டுக் கட்டுவது, முதலாளிக்குக் காப்பி வாங்கி வருவது, சாயங்காலம் கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் சரிபார்ப்பது. ஊர் பெயரையும் கடை பெயரையும் எழுதப் போவதில்லை. அந்தக் கடை இன்று இல்லை, அவர்கள் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை அண்ணாச்சிக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். பேரேட்டை அவர் எழுதுகிற அழகே தனி. ஆளுக்கு ஒரு பக்கம், தலைப்பில் பெயர், தகப்பனார் பெயர், ஊர். "பேரை முதல்ல சரியா எழுதுலே. பேரு சரியா இருந்தா ரூபாய் தானா சரியாகும்" என்பார். மதியம் நான் கொண்டுபோன பழையது போதாது என்று தெரிந்து, அவருடைய தூக்குச்சட்டியிலிருந்து ஒரு கை சோறு என் தட்டில் விழும். கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

கடையில் இரண்டு வகைப் படிக்கல் உண்டு. வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. கிலோ எடை வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. சம்சாரிகள் இன்னும் மணங்கு, துலாம் என்றுதான் மனசில் கணக்குப் போடுவார்கள். கிலோவில் குறைந்தால் அவர்களுக்குப் பிடிபடாது. வாங்குகிற கல்லின் அடியில் குழி தோண்டி ஈயம் ஊற்றியிருக்கும். இருபது கிலோ என்று போட்டிருக்கிற கல் இருபத்தொன்று நிறுக்கும். அதற்கு மேல் சாக்கு எடை என்று ஒரு கழிவு, மாதிரி என்று மூட்டைக்கு ஒரு கை அள்ளல். முத்திரை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்தால் ஈயக் கல் எல்லாம் பின்கட்டில் பழைய சாக்குக் குவியலுக்கு அடியில் போய்விடும்.

கணக்குப்பிள்ளை அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் தன் மனசுக்காக ஒரு சின்ன நோட்டில், யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு அண்ணாச்சி என்று கேட்டேன். "என்னைக்காவது ஒரு நாள் கேப்பாக. அப்பச் சொல்லுததுக்கு" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒரு கிழவி மூன்று மூட்டை வத்தலைக் கொண்டுவந்து, பேத்தி கல்யாணத்துக்கு என்று சொல்லி, எடை குறைந்ததைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்று ராத்திரி நான் கடுதாசி எழுதினேன். இருபது வயது. ரத்தம் சூடு. வெறும் குற்றச்சாட்டு எழுதினால் நம்பமாட்டார்கள் என்று, அண்ணாச்சி இல்லாத நேரம் பார்த்து அந்தச் சின்ன நோட்டிலிருந்து ஐந்து பேர் பெயர், தேதி, உண்மை எடை, சீட்டு எடை எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டேன். ஈயக் கல் எந்தச் சாக்குக் குவியலுக்கு அடியில் இருக்கும் என்பதையும் எழுதினேன். கீழே பெயர் போடவில்லை. பஸ் ஏறி ராஜபாளையம் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு சினிமாவும் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைப்பு.

பத்து நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார். நேரே பின்கட்டுக்குப் போனார். சாக்கைப் புரட்டினார். கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். அபராதம் விழுந்தது. அதன்பின் ஒரு இரண்டு வருஷம் அந்தக் கடையில் சரியான எடை போட்டார்கள் என்று கேள்வி. அதையும் சொல்லத்தான் வேண்டும். கடுதாசி பலன் கொடுத்தது.

ஆனால் விசாரணையில் அந்த ஐந்து பேர் கணக்கை இன்ஸ்பெக்டர் முதலாளி முன்னால் வாசித்தார். தேதியும் எடையும் அணா பிசகாமல் இருந்தன. அப்படி ஒரு கணக்கு அந்தக் கடையில் ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் முதலாளி அண்ணாச்சியின் மேஜையை இழுத்து அந்த நோட்டை எடுத்தார்.

அண்ணாச்சி நின்ற நின்றபடி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "நான் எழுதல முதலாளி. நான் எழுதியிருந்தா பேரு போட்டு எழுதியிருப்பேன்."

நான் நாலு அடி தள்ளி மூட்டைக்குச் சணல் தைத்துக்கொண்டிருந்தேன். கோணி ஊசி கையில் குத்தியது. வாயைத் திறக்கவில்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பதினெட்டு வருஷ வேலை. சுற்று வட்டாரத்தில் எந்தக் கடையிலும் அவரைச் சேர்க்கவில்லை. 'மொட்டைக் கடுதாசிக்காரன்' என்ற பெயர் அவருக்கு விழுந்துவிட்டது. பெயரில்லாமல் ஒரு கடுதாசி என்று நான் நினைத்தேன். அதில் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை, அவர் பெயர்.

தூத்துக்குடியில் ஒரு உப்பளத்தில் கணக்கு எழுதப் போனார். வீட்டையும் பிள்ளைகளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். நான் அடுத்த ஆறு மாதத்தில் கடையை விட்டு நின்றேன். 1972-இல் தபால் துறையில் சேர்ந்து, இரண்டு வருஷம் வெளியூர்களில் இருந்துவிட்டு, எங்கள் ஊருக்கே தபால்காரனாக வந்தேன்.

வந்த முதல் மாதமே என் பையில் அவருடைய மணியார்டர். எழுபத்தைந்து ரூபாய், மனைவி பெயருக்கு. அந்தக் கையெழுத்தைப் பார்த்து, கோயில் மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பழைய தபால்காரர் லீவு போடும்போது வேறு யாராவது கொண்டுபோவார்களே என்று பார்த்தேன். இப்போது பழைய தபால்காரரே நான்தான்.

மைனிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைப்பாள், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு உண்டு, உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அதைக் கிழித்துக் கையில் கொடுப்போம். அதைப் படித்துச் சொல்ல வேண்டியதும் நான்தான். 'நலம். சின்னவனுக்கு நோட்டு வாங்கவும்.' 'இம்மாதம் பத்து ரூபாய் குறைவு. மழையில் உப்பு வாரவில்லை.' 'ஆடித்தபசுக்கு வரப் பார்க்கிறேன்.' நாலைந்து வார்த்தைக்குள் ஒரு குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தார் மனுஷன்.

ஒரு மாதம் இப்படி இருந்தது: 'கடுதாசி யார் எழுதியது என்று தெரிந்ததா.'

படித்தேன். படிக்காமல் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாசித்துவிட்டேன். மைனி முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டே கேட்டாள்: "நீங்களும் அங்கதான தம்பி வேலை பாத்தீக? உங்களுக்குத் தெரியுமா, எந்தப் பாவி எழுதுனான்னு?"

"தெரியல மைனி" என்றேன்.

கடுதாசியைப் பெயர் போடாமல் எழுதியது அறியாத வயது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு சமாதானமும் எனக்கு இன்று வரை கிடைக்கவில்லை.

ஒரு ஆடித்தபசுக்கு அவர் வந்திருந்தார். சங்கரன்கோவில் கூட்டத்தில் காக்கிச் சட்டையோடு என்னைப் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டு, "நல்ல வேளை, சர்க்கார் வேலைக்குப் போயிட்டே. அங்க கெடந்தா என்னய மாதிரி ஆகியிருப்பே" என்றார். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட எழுத முடியாது. வாயெடுக்கவே இல்லை. 1983-இல் தூத்துக்குடியிலேயே காலமானார். மைனியும் போய்ப் பல வருஷம் ஆகிறது.

இதை எழுதுவதற்கு முன்னால் அவருடைய மூத்த மகனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் இப்போது ரிட்டயர் ஆனவர்தான். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "எழுதுங்க. அப்பா பேரு மட்டும் வேண்டாம்" என்றார். அதனால்தான் பெயர் பற்றிய கட்டுரையில் பெயரே இல்லாமல் இருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று சொல்ல வருகிறேனா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பெயர் போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்த்திருக்கிறோமே.

சத்யேந்திர துபே என்று ஒரு என்ஜினியர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் வேலை. தங்க நாற்கரச் சாலை வேலையில் நடக்கிற ஊழலை 2002-இல் பிரதமருக்கு எழுதினார். பெயர் போட்டுத்தான் எழுதினார். ஆனால் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் ரயில் இறங்கி வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக்காரர்கள் செய்தது என்று சி.பி.ஐ. சொன்னது. நம்பாதவர்கள் நிறையப் பேர். இரண்டு வருஷம் கழித்து, 2005 நவம்பர் 19-இல், மஞ்சுநாத் சண்முகம். இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரி. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி பக்கம், கலப்படம் செய்த பெட்ரோல் பங்க் மீது நடவடிக்கை எடுத்ததற்காகக் கொன்றார்கள். இருபத்தேழு வயது. அவர் ஒளிந்துகொண்டு எழுதவில்லை, நேரில் போய் நின்றார்.

மொட்டைக் கடுதாசியை அரசாங்கமும் நம்புவதில்லை. பெயர் இல்லாத, அல்லது பொய்ப் பெயர் போட்ட புகார்களின் மேல் நடவடிக்கையே எடுக்க வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூன் மாதம் உத்தரவு போட்டது. நேர்மையான அதிகாரிகளுக்குத் தொல்லை கொடுக்கத்தான் அவை பயன்படுகின்றன என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பிரமோஷன் லிஸ்ட் வெளிவருகிற மாதத்தில் மொட்டைக் கடுதாசி கூடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வழியையும் அடைத்துவிட்டால் பயந்தவன் எங்கே போவான்?

துபே இறந்த பிறகுதான், 2004-இல், ஒரு நடு வழி வந்தது. மத்திய அரசு, பொதுத்துறை ஊழல் பற்றி எழுதுகிறவர் உள்ளே தன் பெயரையும் விலாசத்தையும் கட்டாயம் எழுத வேண்டும். உறையின் மேல் எழுதக் கூடாது. உறையை ஒட்டி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பெயரை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் விசாரணைக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட உறை கவுண்டருக்கு வந்தால், அனுப்புகிறவர் யார் என்று துருவக் கூடாது என்று எங்கள் தபால் துறையே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. படித்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. 2014-இல் இதற்கு ஒரு பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றினார்கள். அது இன்னும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது.

இந்த நடு வழி நமக்குப் புதிதா என்ன? மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. ஆனால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சந்தைக்கே தெரியும். துண்டுக்கு வெளியே மறைவு, உள்ளே ஒருவர் கை இன்னொருவர் கையில். வாக்கு மாறினால் எந்தக் கை என்று தெரியும். நான் போட்ட கடுதாசியில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. அதனால் கிட்டத்தில் இருந்த கையைப் பிடித்தார்கள்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊருக்கே ஒரு வழக்கு உண்டு. பால்வண்ணநாதர் மேல் பாடிய திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி அதிவீரராம பாண்டியர் பாடியது என்று ஒரு கட்சி. இல்லை, இங்கிருந்து ஆண்ட வரதுங்கராம பாண்டியர் பாடியதுதான் என்று இன்னொரு கட்சி. சின்ன வயதில் கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் இதற்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். கோயிலில் இருந்த பழைய ஏடுகளை, பழுதாகிவிட்டது என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் துடித்துப்போனதை எழுதியிருக்கிறார். அந்த நெருப்பில் எத்தனை பேருடைய பெயர் போயிற்றோ. ராஜாவுக்கே அந்தக் கதி என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்ட நாட்களும் உண்டு.

திண்ணைக்கு வருவோம். மறுநாள் அந்தப் பையன் வந்தான். மத்திய ஆணையத்தின் ஒட்டிய உறை எலுமிச்சைக் கடைக்குப் பொருந்தாது. இங்கே தொழிலாளர் துறைதான். உள்ளே பெயரை எழுதி ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் வைப்பார்கள் என்று அவன் நம்பத் தயாராக இல்லை. மொட்டையாகப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவன் சொல்கிற விவரமெல்லாம் தராசுப் பக்கம் நிற்கிறவனுக்கு மட்டுமே தெரிந்த விவரம். அங்கே நிற்பவர்கள் இரண்டு பேர். ஒன்று இவன். இன்னொருவர் இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருக்கிற ஒரு அம்மா.

அந்த அம்மாவைப் பற்றி அவன் சொன்னதும் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"நீ எழுத வேண்டாம்லே. நானும் உனக்காக எழுதல. நாளன்னைக்கு நான் காய் கொண்டு வாரேன்."

என் தம்பிக்கு ஒரு சின்ன எலுமிச்சைத் தோட்டம் உண்டு. விஷயத்தைச் சொல்லாமல் இருபத்தைந்து கிலோ காய் கேட்டு வாங்கினேன். ஊறுகாய்க்கா என்று கேட்டான், ஆமாம் என்றேன். (எழுபத்தாறு வயதில் இன்னொரு பொய்.) தெரு முனை மாவு மில்லில் புதிதாக முத்திரை வைத்த தராசு இருக்கிறது. அங்கே நிறுத்து, மில்காரரிடம் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டேன். சாக்கோடு 25 கிலோ 200 கிராம். லோடு ஆட்டோவில் அந்தக் கடைக்குப் போனேன்.

தராசில் பையன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. நான் தெரியாதவன் மாதிரி மூட்டையைக் காட்டினேன். தூக்கி வைத்தான். 23 கிலோ 700. அவன் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் குனிந்துகொண்டே, "பேரு சொல்லுங்க பெரியவரே" என்றான்.

இனிஷியல், அப்பா பெயர், தெரு எல்லாம் சேர்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் எழுதினான்.

அன்று ராத்திரி மனு எழுதினேன். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அவர்களுக்கு. என் காய், என் இரண்டு சீட்டு, என் பெயர், என் செல்போன் நம்பர். கடையில் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க முடியாது. எனக்குத் தெரிந்தது என் மூட்டையின் எடை மட்டும். பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று போனால், அதை இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்றான் கவுண்டரில் இருந்த பையன். எனக்கே தகவல் சொல்கிறான்! அனுப்புநர் இடத்தில் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது. வயதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் ஆய்வாளர் வந்து தராசை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் அந்தக் கடைக்காரர் என்னை மறித்தார். சண்டைக்கு வரவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "ஏன் அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? கடையில யாரு உங்ககிட்டச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல தம்பி. மாவு மில்லுல நிறுத்தேன், உங்க கடையில நிறுத்தேன்."

"அப்ப நீங்களேதான் எழுதுனீங்களா?"

"ஆமா, நான்தான் எழுதுனேன்."

அவ்வளவுதான் பேச்சு. பையனும் அந்த அம்மாவும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். புதுத் தராசு வந்திருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று பார்க்க வேண்டும். ஆனால் என் தம்பியின் காயை அந்தக் கடையில் இனி எடுக்கமாட்டார்களாம். அவன் இப்போது புளியங்குடிக்குக் கொண்டுபோகிறான். தூரம் கூடுதல். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றான்.

"பேரு உனக்கு, லோடு ஆட்டோ வாடகை எனக்கா?"

மாதா மாதம் பென்ஷன் வந்ததும் அந்த வாடகையில் பாதியைக் கொடுத்துவருகிறேன். முழுதும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.